ரோமர் 13-க்கு ஆறு மாலைகள்: ஒரு வேதபாட வகுப்பு பற்றி

எங்கள் நகரத்துச் சபை ஒன்று ஈஸ்டருக்கு முந்திய கடந்த லெந்து (தவக்) காலத்தில், கிறிஸ்தவன் அரசாங்கத்துக்கு எதுவரை கட்டுப்பட்டவன் என்ற பொருளில், ஆறு சனிக்கிழமை மாலைகளில் ஒரு வேதபாட வகுப்பை நடத்தியது. கட்டணம் 500 ரூபாய். அதற்குள் அச்சிட்ட கையேடு, இடைவேளைத் தேநீர், சுண்டல் எல்லாம் அடக்கம். பிற சபையாரும் சேரலாம் என்று அறிவித்திருந்ததால் நானும் சேர்ந்தேன். நடத்திய சபையின் பெயரையும் போதகரின் பெயரையும் இங்கே தவிர்க்கிறேன். குறைகள் சிலவற்றையும் எழுதப்போகிறேன் என்பதே காரணம். இதே கையேட்டைக் கொண்டு வேறு ஊர்களிலும் வகுப்பு நடத்தப்போவதாகச் சொன்னார்கள். ஆகவே, சேரலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு இது உதவலாம்.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் வருவாய்த் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்க்கிறவன். வேதாகமத்தில் ரோமச் சபைக்குப் பவுல் எழுதின நிருபமான ரோமரின் 13-ஆம் அதிகாரத்தை நான் பெரும்பாலும் இரண்டு சந்தர்ப்பங்களில்தான் பிரசங்கமாகக் கேட்டிருக்கிறேன்: தேர்தலுக்கு முந்திய ஞாயிறு, இல்லாவிட்டால் சுதந்திர தின ஆராதனை. இரண்டிலும் "எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்" என்ற முதல் வசனத்தோடு பிரசங்கம் ஏறத்தாழ முடிந்துவிடும். வரி கட்டுங்கள், தலைக்கவசம் அணியுங்கள், தலைவர்களுக்காக ஜெபியுங்கள் என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வருவோம். ஏழு வசனங்கள் கொண்ட ஒரு பகுதிக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஒதுக்கிய ஒரு வகுப்பை நான் முதன்முறையாகப் பார்த்தேன்.

முதல் இரண்டு மாலைகளும் பின்னணிக்கே சென்றன. பவுல் இந்த நிருபத்தை ஏறத்தாழ கி.பி. 57-இல் கொரிந்துவிலிருந்து எழுதினார். அப்போது ரோமை ஆண்டுகொண்டிருந்தவன் நீரோ. ஆனால் கிறிஸ்தவர்களை அவன் வேட்டையாடியது 64-ஆம் ஆண்டு ரோம் நகரம் தீப்பற்றி எரிந்த பிறகே. எனவே, கொடுங்கோலனுக்கும் கீழ்ப்படியச் சொன்னார் பவுல் என்று மேடைகளில் முழங்கும் வாதமும், நல்லரசுக்கு மட்டுமே சொன்னார் என்ற எதிர்வாதமும் காலக்கணக்கில் சரியாக உட்காருவதில்லை. இதைப் போதகர் எந்தப் பக்கமும் சாயாமல் விளக்கினார். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியர் ரோமப் பேரரசன் கிலவுதியுராயனின் கட்டளையால் ரோமைவிட்டு வெளியேறியவர்கள் என்று அப்போஸ்தலர் 18 சொல்வதையும், அவர்களே ரோமர் 16-இல் மீண்டும் ரோமில் வாழ்த்துப் பெறுவதையும் அவர் இணைத்துக் காட்டினார். அரசாணை ஒன்றினால் வீடு இழந்து திரும்பி வந்தவர்கள் உட்கார்ந்திருந்த சபையில்தான் இந்த வசனம் முதலில் வாசிக்கப்பட்டது என்பது எனக்குப் புதிய செய்தி. 58-ஆம் ஆண்டில் வரி வசூலிப்பவர்களின் அட்டூழியம் பற்றி ரோமில் மக்கள் முறையிட்டதை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார் என்பதையும் சொல்லி, ஆறாம் ஏழாம் வசனங்களில் வரியும் தீர்வையும் ஏன் தனியே பேசப்படுகின்றன என்பதற்கு ஒரு சூழலை வைத்தார்.

பன்னிரண்டாம் அதிகாரத்தின் முடிவையும் பதின்மூன்றின் தொடக்கத்தையும் ஒரே மூச்சில் வாசிக்க வைத்தது நல்ல யோசனை. அதிகாரப் பிரிவுகள் பிற்காலத்தில் போடப்பட்டவை. பழிவாங்காதிருங்கள், சத்துருவுக்குப் போஜனம் கொடுங்கள், தீமையை நன்மையினாலே வெல்லுங்கள் என்று சொல்லி வந்த குரல்தான் மூச்சு விடாமல் அரசைப் பற்றிப் பேசுகிறது. தனி மனிதன் கையிலிருந்து பட்டயத்தை வாங்கி, நியாயம் விசாரிக்கக் கடமைப்பட்டவன் கையில் வைக்கிற பேச்சாக அது அப்போது கேட்கிறது. வெறும் அடக்குமுறைக்கு ஆசீர்வாதமாகக் கேட்பதில்லை.

மூன்றாம் மாலைக்காக மட்டுமே 500 ரூபாயைக் கொடுக்கலாம். அன்று முழுவதும் ஒரே ஒரு சொல்லைப் பற்றிய பேச்சு: கீழ்ப்படிதல்.

நம் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் ரோமர் 13:1-இல் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் "கீழ்ப்படியக்கடவன்" என்று இருக்கிறது. அப்போஸ்தலர் 5:29-இல் பேதுரு, "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது" என்கிறார். எபேசியர் 6:1-இல் பிள்ளைகள் பெற்றாருக்குச் செய்ய வேண்டியதும் கீழ்ப்படிதலே. தமிழில் வாசிக்கிறவன் காதில் மூன்றும் ஒரே சொல். பவுலும் பேதுருவும் ஒருவரையொருவர் மறுப்பதுபோல் நமக்குத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். கிரேக்கத்தில் இவை மூன்று வெவ்வேறு வினைகள். பிள்ளைகளுக்குச் சொன்னது, குரலுக்குச் செவிகொடுத்து நடப்பது. பேதுரு சொன்னது, ஆளுகிறவனின் சொற்படி செய்வது. ரோமர் 13:1-இல் வருவதோ, ஒரு வரிசையில் தனக்குரிய இடத்தில் கீழே நிற்பது என்ற பொருளுடைய சொல். அணிவகுப்பில் ஆட்களை நிறுத்துவதற்குப் பயன்பட்ட வேரிலிருந்து வந்தது.

கரும்பலகையில் அந்த வேர்ச்சொல்லை எழுதிவிட்டுப் போதகர் அடுத்ததைக் காட்டினார். அதிகாரங்கள் தேவனாலே "நியமிக்கப்பட்டிருக்கிறது" என்று அதே வசனத்தில் வருவதும், அதிகாரத்தை எதிர்ப்பவன் தேவனுடைய "நியமத்திற்கு" எதிர்த்து நிற்கிறான் என்று அடுத்த வசனத்தில் வருவதும் அதே வேரிலிருந்து பிறந்தவை. குடிமகனை நிறுத்திய கையே அதிகாரியையும் ஓர் இடத்தில் நிறுத்தியிருக்கிறது. வரிசையில் நிற்பது குடிமகன் மட்டுமல்ல, அரசனும் நிறுத்தப்பட்டவனே, அவனுக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். தமிழில் "கீழ்ப்படிதல்", "நியமித்தல்" என்று இரண்டு தனிச் சொற்களாகிவிட்டதால் இந்தத் தொடர்பு நம் கண்ணிலிருந்து மறைந்துபோனது. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வேறு எப்படிச் செய்திருக்க முடியும் என்று எனக்கும் தெரியவில்லை.

இதிலிருந்து அவர் எடுத்த முடிவு இது: கட்டளையை நிறைவேற்ற மறுத்துவிட்டு, அதற்கான தண்டனைக்குத் தப்பி ஓடாமல் நிற்கிறவன், பவுலின் சொல்லுக்கு உட்பட்டே நிற்கிறான். முப்பது நாள் ஜெபத்தடை போடப்பட்டபோது, எருசலேமுக்கு நேரே திறந்திருந்த பலகணி முன் முழங்காற்படியிட்ட தானியேல், சிங்கக் கெபிக்கு இழுத்துச் செல்லப்பட்டபோது கலகம் செய்யவில்லை. எகிப்தின் மன்னன் பார்வோன் சொன்னபடி ஆண் குழந்தைகளைக் கொல்லாத மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் அவனைக் கவிழ்க்கச் சதி செய்யவில்லை. பிலிப்பியில் தன்னைச் சிறையிலிருந்து இரகசியமாக விடுதலை செய்யப் பார்த்த அதிகாரிகளை நேரில் வரச் சொன்ன பவுலும், "இராயனுக்கு அபயமிடுகிறேன்" (பேரரசனிடமே மேல்முறையீடு செய்கிறேன்) என்று செசரியாவில் முறையிட்ட பவுலும், சட்டத்தின் வரிசைக்குள் நின்றுகொண்டே அதிகாரிகளுக்கு அவர்கள் இடத்தை நினைவூட்டினார்கள். அடங்கியிருப்பதும் சொன்னதையெல்லாம் செய்வதும் ஒன்றல்ல என்பது எனக்கு முதன்முறையாக வசனத்திலிருந்தே விளங்கியது.

ஆனால் இங்கேதான் என் முதல் மறுப்பும். இந்தச் சொற்பொருள் வேறுபாட்டின்மேல் போதகர் தாங்கமுடியாத பாரத்தை ஏற்றிவிட்டார். தீத்து 3:1-ஐ யாரும் எடுக்கவில்லை. அங்கே "துரைத்தனங்களுக்கும் அதிகாரங்களுக்கும் கீழ்ப்படிந்து அடங்கியிருக்கவும்" என்று வருகிறது. ரோமர் 13-இன் சொல்லும் பேதுரு பயன்படுத்திய சொல்லும் கிரேக்கத்தில் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. அப்படியானால், சாதாரணமாக அரசின் சொற்படி செய்வதையும் பவுல் எதிர்பார்க்கிறார் என்றுதானே பொருள்? மறுப்பது விதிவிலக்கு; அது எப்போது, யார் தீர்மானிப்பது என்பதை ஒரு வினைச்சொல்லின் வேர் நமக்குத் தீர்த்துத் தராது. இடைவேளையில் இதைக் கேட்டேன். சுண்டல் தட்டோடு நின்றிருந்த போதகர் யோசித்துவிட்டு, "நல்ல கேள்வி, ஐயா, ஆறாம் வாரத்தில் எடுத்துக்கொள்வோம்" என்றார். ஆறாம் வாரம் நேரம் போதவில்லை.

நான்காம் மாலை வரலாறு. 1934 மே மாத இறுதியில் ஜெர்மனியின் பார்மன் நகரில் கூடிய சபைப் பிரதிநிதிகள் வெளியிட்ட அறிக்கையின் ஐந்தாம் கூற்றை மொழிபெயர்த்துக் கையேட்டில் கொடுத்திருந்தார்கள். நீதியையும் சமாதானத்தையும் பேணுவதற்கு அரசு தேவனால் ஏற்படுத்தப்பட்டது என்று அது ஒப்புக்கொள்கிறது. அதே மூச்சில், மனித வாழ்க்கை முழுவதற்கும் ஒரே ஒழுங்காக அரசு தன்னை ஆக்கிக்கொள்ளக் கூடாது என்றும் மறுக்கிறது. ஹிட்லர் ஆட்சியின் இரண்டாம் ஆண்டில் இதை எழுதக் கொஞ்சநஞ்சத் துணிவு போதாது. யூதர்களைப் பற்றி அந்த அறிக்கை ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதையும் போதகர் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மை பிடித்திருந்தது. பிறகு தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசுக்கு ஆதரவாக ரோமர் 13-ஐ எடுத்தாண்டவர்களை 1985-இல் அங்குள்ள இறையியலாளர்கள் கைரோஸ் ஆவணத்தில் நேரடியாக மறுத்ததைச் சொன்னார். ரோமர் 13 வாசிக்கிறவர்கள் வெளிப்படுத்தின விசேஷம் 13-இல் சமுத்திரத்திலிருந்து எழும்பும், கொடுங்கோல் அரசின் உருவகமான மிருகத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது அன்றைய முடிவு.

எல்லாம் சரி. ஜெர்மனிக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இரண்டு மணி நேரம் போன வகுப்பு, மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் ஐந்து நிமிடம்கூட ஒதுக்கவில்லை. இந்த வகுப்பின் பெருங்குறை இதுவே. கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தஞ்சாவூரில் 1892-இல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்று பெயர் பெற்றவர்தான் பின்னாளில் காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்காயர் பயிற்சியும், அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசு நிதியியல் படிப்பும் முடித்தவர். பிரிட்டிஷ் அரசு இந்தியரிடம் எவ்வளவு வரி வாங்கி எதற்குச் செலவிடுகிறது என்பதே அவருடைய ஆய்வுப் பொருள். வரியைப் பற்றிப் பேசும் வேதபகுதிக்கு உரை எழுத இவரைவிடத் தகுதியான தமிழ்க் கிறிஸ்தவர் இருக்க முடியாது. 1930-இல் உப்புச் சத்தியாகிரகம் தொடங்கியபோது, கல்கத்தாவிலிருந்த ஆங்கிலிக்கன் பிரதம பேராயர் ஃபாஸ் வெஸ்காட், சட்டமறுப்பு கிறிஸ்துவின் போதனைக்கு ஒவ்வாதது என்ற நிலையை எடுத்தார். அதற்கு வெளிப்படையாக மறுப்பு எழுதினார் குமரப்பா. பேராயரின் சபைப் பிள்ளைகளில் ஒருவர் பேராயரிடமே, கிறிஸ்து யார் பக்கம் நிற்கிறார் என்று கேட்டார். காந்தியின் 'யங் இந்தியா' இதழில் எழுதியவற்றுக்காகச் சிறைக்கும் போனார், தப்பி ஓடவில்லை. மூன்றாம் மாலையில் போதகர் கரும்பலகையில் எழுதிக் காட்டிய வேறுபாட்டுக்கு நம் மண்ணிலேயே ஆள் இருந்திருக்கிறார்.

அதே காலத்தில், பிரிட்டிஷ் குடிமக்கள் அல்லாத மிஷனெரிகள் இந்தியாவில் ஊழியம் செய்ய வேண்டுமானால், சட்டப்படி அமைந்த அரசுக்கு உரிய கீழ்ப்படிதலையும் மரியாதையையும் செலுத்துவோம், அரசியலில் ஈடுபட மாட்டோம் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டியிருந்தது. ரோமர் 13-இன் சொல் அரசாங்கப் படிவத்தில் ஏறி உட்கார்ந்த இடம் அது. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனெரி ரால்ஃப் ரிச்சர்டு கெய்தான், காந்தி இயக்கத்தோடு தொடர்புடைய, கதர் அணிந்த ஓர் ஆங்கில இளைஞரைத் தம் வீட்டில் விருந்தினராக ஏற்றதற்காக 1930-இல் இந்தியாவைவிட்டு வெளியேற நேர்ந்தது. பிற்காலத்தில் அவர் திரும்பி வந்து காந்திகிராமத்துப் பணியில் ஆயுளைச் செலவிட்டார். அந்நியரை உபசரிக்க வேண்டும் என்ற வசனமும் அதிகாரத்துக்கு அடங்க வேண்டும் என்ற வசனமும் ஒரே வீட்டு வாசலில் மோதிக்கொண்ட நிகழ்ச்சி இது. வகுப்பில் உட்கார்ந்திருந்த பலருக்கு மதுரை மூன்று மணி நேரப் பயணம். பார்மன் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டவேண்டியிருந்தது.

ஏன் விட்டார்கள் என்பதை ஊகிக்க முடிகிறது. அந்நாளில் நம் சபைகளில் பெரும்பாலோர் குமரப்பா பக்கம் நிற்கவில்லை. பிரிட்டிஷ் ராஜாவுக்காக ஞாயிறுதோறும் ஜெபித்த சபைகள் நம்முடையவை. ஜெர்மானியத் திருச்சபையின் தயக்கத்தைப் பற்றிப் பேசுவது எளிது; நம் தாத்தாக்கள் 1930-இல் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்பது கடினம். அவர்களை நியாயந்தீர்க்கும் நோக்கம் எனக்கு இல்லை. மிஷன் பள்ளியும் மிஷன் மருத்துவமனையும் வந்த பிறகே தலைநிமிர்ந்த குடும்பங்களுக்கு, அந்த அரசின்கீழ் தங்களுக்குக் கிடைத்ததை மறுப்பது நன்றிகெட்டதனமாகப் பட்டிருக்கும். அந்தச் சிக்கலை வகுப்பு தொட்டிருந்தால், அது வெறும் வேதபாடமாக இல்லாமல் எங்கள் சொந்தக் கதையாகியிருக்கும்.

ஐந்தாம் மாலை நடைமுறை: சொத்து வரி, கட்டட அனுமதி, வாக்குச்சீட்டு, லஞ்சம். ஓய்வுபெற்ற அரசு அதிகாரி ஒருவர் பேசினார். இது சுமார். பேச்சு முழுவதும் லஞ்சம் கொடுக்கலாமா என்பதைச் சுற்றியே ஓடியது. வாங்குவதைப் பற்றி மிகக் குறைவு. கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப்பேராவது என்னைப்போல அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள், ஆசிரியர்கள், மின்வாரியத்தார். எங்களிடம் பேசும்போது எங்களைக் கவுன்ட்டருக்கு வெளியே நிற்கிறவர்களாகவே எண்ணிக்கொண்டார்கள். ரோமர் 13:4 ஆளுகிறவனைத் "தேவ ஊழியக்காரன்" என்கிறது. உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு என்ற காரணத்தோடு. சபையில் ஊழியக்காரர் என்றால் ஐயர், அதாவது போதகர். அலுவலகத்தில் ஊழியர் என்றால் நான். பவுல் அந்தச் சொல்லை என் மேசைமேல் வைக்கிறார். வரிவசூலிக்கிறவர்களிடம் யோவான் ஸ்நானன், "உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள்" என்றும், போர்ச்சேவகரிடம் உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள் என்றும் சொன்னது லூக்கா 3-இல் இருக்கிறது. வேலையை விடு என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒரு முழு மாலையை அதற்குக் கொடுத்திருக்கலாம்.

ஆறாம் மாலை கேள்வி நேரம். பிஜோ இம்மானுவேல் வழக்கை எடுத்தது அன்றைய நல்ல பகுதி. கேரளப் பள்ளி ஒன்றில் படித்த, யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. 1985-இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பில், அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. எழுந்து நின்றதும் பாடாமலிருந்ததும் ஒரே பிள்ளைகள் ஒரே நிமிடத்தில் செய்தவை. அந்தப் பிரிவின் உபதேசங்களை எங்கள் சபைகள் ஏற்பதில்லை. ஆயினும் மூன்றாம் மாலையின் பாடத்தை இதைவிடத் தெளிவாக நடத்திக் காட்டியவர்கள் வேறு யாரும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. வழக்கை நீதிமன்றம்வரை கொண்டுபோனதும் இராயனுக்கு அபயமிடுவதுதானே என்று பின்வரிசையில் ஒரு கல்லூரி மாணவி சொன்னாள். ஆறு வாரத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த வாக்கியம் அது, மேடையிலிருந்து வரவில்லை.

ஏற்பாடுகள் பற்றிச் சுருக்கமாக. கையேடு 56 பக்கம், தாள் நன்று. எழுத்து மிகச் சிறியது, கிரேக்கச் சொற்களின் தமிழ் எழுத்துப்பெயர்ப்பு பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது. ஒலிபெருக்கி தேவையில்லாத சிறிய கூடத்தில் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். தவறவிட்ட மாலைகளின் ஒலிப்பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அது பெரிய உதவி. நேரத்துக்குத் தொடங்கினார்கள். நேரத்துக்கு முடிக்கவில்லை.

கருத்துப் படிவத்தில் குமரப்பாவையும் தீத்து 3:1-ஐயும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வகுப்பு ஆகஸ்டில் தொடங்குவதாகச் சொல்கிறார்கள். கிரேக்கம் தெரியாதவர்களும் தயங்காமல் சேரலாம். ஒரு மாலைக்கு மட்டுமே நேரம் இருப்பவர்கள் மூன்றாவதற்குப் போங்கள். அரசு வேலையில் இருப்பவர்கள் ஐந்தாவதற்கும் போய், கவுன்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். நான் அன்று கேட்கவில்லை. பக்கத்தில் என் அலுவலகத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.